மார்ஃபினை முறிக்கும் நலாக்சோன் போட்டதும் கண் விழித்தார், ஒன்றேகால் மணி நேரத்தில் மூச்சு மறுபடி இறங்கிவிட்டது. உங்கள் வார்டில் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

இரவுப்பணி_செவிலி (தருமபுரி மாவட்டம்)

இரண்டு வாரமாக மனத்தில் கிடப்பதை எழுதுகிறேன். நோயாளியின் வயதையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். மருத்துவமனையின் பெயரும் வேண்டாம்.

வாய்ப் புற்றுநோய் உள்ள ஒரு பெரியவர். வலிக்கு மார்ஃபின் மாத்திரை, 10 மில்லிகிராம், 4 மணி நேரத்துக்கு ஒன்று. மூன்று நாளாகச் சாப்பாடு இல்லை, தண்ணீரும் சரியாக இறங்கவில்லை. நடுவில் வலி தாங்காமல் பக்கத்து ஊரில் இரண்டு நாள் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டிருக்கிறார்கள். மாமனார் முனகுகிறாரே என்று மருமகள் ஒன்றிரண்டு மாத்திரை கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். அன்று மாலை எழுப்பினால் எழவில்லை. 108-ல் எங்களிடம் வந்தபோது இரவு 9:20.

கண்மணி இரண்டும் கடுகு மாதிரி சுருங்கியிருந்தன. மாமரத்துக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருக்கிறது என்று உடன் வந்தவர்களில் யாரோ சொன்னார். அவ்வளவுதான், எல்லார் மனமும் பூச்சி மருந்துப் பக்கம் போய்விட்டது. வயிறு கழுவ டியூப் எடுத்தாயிற்று. பூச்சி மருந்துக்கு மாற்றான அட்ரோபின் ஆம்பூலை நான் உடைத்தும்விட்டேன். அப்போது டியூட்டி டாக்டர் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, பெரியவரின் மார்பைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினார். ஆறு. வாயில் நுரை இல்லை, எச்சில் இல்லை, வியர்வை இல்லை, தோல் காய்ந்து கிடந்தது. மருமகள் கையில் இருந்த மஞ்சள் பையை வாங்கிப் பார்த்தால் உள்ளே மார்ஃபின் அட்டை.

அம்பு பேக்கில் (கையால் அமுக்கும் மூச்சுப் பை) மூச்சு கொடுத்துக்கொண்டே 0.4 மில்லிகிராம் நலாக்சோனை 10 மில்லியாகக் கரைத்து ஒவ்வொரு மில்லியாகப் போட்டோம். ஆறாவது மில்லியில் மூச்சு 12 ஆனது. கண் திறந்தார். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மணி 9:45.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது. அவரை உள்ளே ஒரு கட்டிலுக்கு மாற்றினோம். மாஸ்க்கில் ஆக்சிஜன் ஓடியது, விரலில் மாட்டியிருந்த கருவி 96 காட்டியது. அந்த நேரத்தில் தொப்பூர்ப் பக்கமிருந்து விபத்துக் கேஸ் மூன்று வந்துவிட்டன. நான் அங்கே ஓடினேன். 11 மணிக்குத் துப்புரவுப் பணியாளர் அக்கா வந்து, "சிஸ்டர், அந்தப் பெரியவர் கொறட்டை சரியில்ல, நிக்குது, வருது" என்றார். போய்ப் பார்த்தால் மூச்சு ஐந்து. கருவியில் இன்னும் 94. "அப்பா நல்லாத் தூங்குறாரு சிஸ்டர்" என்கிறார் மகன்.

மறுபடி நலாக்சோன், பிறகு டிரிப்பாக. பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த அக்கா வார்டு துடைக்க அரை மணி நேரம் தள்ளி வந்திருந்தால்?

உங்கள் ஊர்களில் இப்படி வருபவர்களை யார் யார் சேர்ந்து பார்க்கிறீர்கள், ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு எப்படி மாற்றிவிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். எங்கள் வார்டுக்கு ஒரு முறை எழுதி வைக்க நினைக்கிறேன்.

---

மயக்கவியல்_ஓசூர்

சிஸ்டர், மருந்துகளின் நேரக் கணக்கு தெரிந்தால் இதில் பாதி புரியும். நலாக்சோன் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் ஆகும். சாதாரண மார்ஃபின் மாத்திரையே 4 மணி நேரம் வேலை செய்யும். உங்கள் பெரியவருக்குச் சிறுநீரகமும் சுருண்டிருக்கும் என்று நினைக்கிறேன். நீர் வற்றிய உடம்பில் இரண்டு நாள் டைக்ளோஃபெனாக் போதும். மார்ஃபின் கல்லீரலில் உடைந்து வரும் பொருள்களில் ஒன்று மார்ஃபினைப் போலவே மூச்சை அடக்கும், அது வெளியேறும் வழி சிறுநீர்தான். வழி அடைத்தால் உள்ளேயே சேரும். கிரியாட்டினின் (சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) எவ்வளவு இருந்தது?

இன்னொன்று, ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருக்கும்போது விரல் கருவியின் எண்ணை நம்பக் கூடாது. நிமிடத்துக்கு ஐந்து மூச்சு விடுபவருக்கும் ஆக்சிஜன் ஓடினால் 95 காட்டும். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே இருக்கும், அதை அந்தக் கருவி காட்டாது. வெளிமூச்சில் அந்த வாயுவை அளக்கும் கேப்னோகிராஃபி எங்கள் அறுவை அரங்கில் இருக்கிறது, உங்கள் வார்டில் இருக்காது. அங்கே இருப்பது கைக்கடிகாரமும் கண்ணும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குகிற வழக்கத்தை இந்த நோயாளிகளிடம் விட்டுவிடுங்கள். நின்று நின்று வரும் மூச்சை அது தவறவிடும். முழு நிமிடம் எண்ணுங்கள்.

அட்ரோபினை நிறுத்திய அந்த டாக்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

---

இரவுப்பணி_செவிலி

கிரியாட்டினின் 3.1, டாக்டர். காலையில்தான் ரிப்போர்ட் வந்தது.

---

ஐசியூ_அண்ணன் (கிருஷ்ணகிரி)

அட்ரோபின் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் சுருங்கிய கண்மணியோடு மயங்கி வருபவர் என்றால் முதலில் பூச்சி மருந்து என்று நினைப்பதில் தப்பே இல்லை. மாந்தோப்பு, தக்காளி, ரோஜா, எல்லாவற்றுக்கும் வீட்டிலேயே மருந்து இருக்கிறது. தாமதித்தால் அந்த நோயாளி போய்விடுவார். யோசித்துக்கொண்டே நிற்கச் சொல்லாதீர்கள்.

---

மயக்கவியல்_ஓசூர்

நினைப்பதில் தப்பில்லை தம்பி. நினைத்ததோடு நின்றுவிடுவதைத்தான் சொல்கிறேன். இரண்டையும் பிரித்தறிய ஒரு நிமிடம் போதும். பாஸ்பரஸ் வகைப் பூச்சி மருந்து குடித்தவர் உடம்பெல்லாம் நனைந்திருப்பார். வாயில் எச்சில், கண்ணில் நீர், வியர்வை, நெஞ்சில் கரகரப்பு, வயிற்றில் ஸ்டெத் வைத்தால் இரைச்சல். தசைகள் தோலுக்கடியில் துடிக்கும். மருந்து வாடையும் வரும். மார்ஃபின் வகையில் உடம்பு காய்ந்து, அமைதியாக இருக்கும். வயிறு சத்தமில்லாமல் கிடக்கும். மூச்சு மட்டும் மெதுவாகிக்கொண்டே போகும்.

அட்ரோபின் போட்டுவிட்டால் கண்மணி விரியும், வாய் உலரும். அப்புறம் பிரித்துப் பார்க்க நம்மிடம் இருந்த அடையாளமே போய்விடும். எதுவாக இருந்தாலும் முதல் வேலை மூச்சு வழியைத் திறப்பதும் அம்பு பேக்கும்தான், அதில் உங்களுக்கும் எனக்கும் சண்டை இல்லை. அந்த நேரத்திலேயே ஒருவர் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துவிடட்டும். மூளைத் தண்டில் ரத்தக் கசிவு வந்தாலும் கண்மணி இப்படிச் சுருங்கும், அதையும் மனத்தில் வையுங்கள்.

கண்மணி சுருங்கவில்லை என்பதற்காக மார்ஃபின் வகை இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். அதே வகை வலி மருந்துகளான டிரமடால், பெதிடின் எடுத்தவர்களுக்குக் கண்மணி சாதாரணமாகவே இருக்கலாம். டிரமடாலில் வலிப்பும் வரும்.

---

ஐசியூ_அண்ணன்

சரி டாக்டர், ஒப்புக்கொள்கிறேன். "நனைந்தவரா, காய்ந்தவரா" என்று எங்கள் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

---

முதலாண்டு_மாணவி

ஒரு சந்தேகம் அக்கா. ஆம்பூல் முழுவதையும் ஒரேயடியாகப் போட்டால் சீக்கிரம் விழித்திருப்பாரே? ஏன் கரைத்து ஒவ்வொரு மில்லியாக?

---

வலிநிவாரணச்_செவிலி (வீட்டுப் பராமரிப்பு, கிருஷ்ணகிரி மாவட்டம்)

நல்ல கேள்வி பாப்பா, நான் சொல்கிறேன். இந்தப் பெரியவருக்குப் புண் வாயில் இருக்கிறது. அந்த வலியை மாதக்கணக்கில் அடக்கி வைத்திருப்பது மார்ஃபின். நலாக்சோனை ஒரேயடியாகத் தள்ளினால் மூச்சோடு சேர்ந்து அந்த வலி முழுவதும் ஒரு நொடியில் திரும்பி வரும். நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அந்த அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவருக்கு அதன்பிறகு வலியை அடக்கவும் முடியவில்லை, ஏனென்றால் நலாக்சோன் இருக்கும்வரை மார்ஃபின் ஏறாது.

நமக்கு வேண்டியது மூச்சு. நிமிடத்துக்குப் பத்து, பன்னிரண்டு வந்தால் போதும், கூப்பிட்டால் கண் திறந்தால் போதும். எழுந்து உட்கார்ந்து பேச வேண்டியதில்லை. 0.04 மில்லிகிராம் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் பார்த்து, அடுத்தது. போதைக்குப் பழகியவர்களுக்கும் இதேதான். அவர்கள் திடீரென்று விழித்தால் வாந்தி எடுப்பார்கள், அது நுரையீரலுக்குப் போகும். ஊசியைப் பிடுங்கிவிட்டு ஓடிவிடுவதும் உண்டு. ஓடியவர் வழியில் எங்காவது மறுபடி மயங்கி விழுந்தால் அங்கே யார் இருப்பார்கள்?

மூச்சே நின்றுபோய் வந்தவருக்கு இந்த நிதானம் பொருந்தாது. அங்கே டாக்டர் கூடுதலாகத்தான் போடச் சொல்வார்.

---

மருந்தாளுநர்_அரூர்

என் பக்கத்திலிருந்து சில விஷயம்.

மூட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, நோயாளி வீட்டு மாத்திரை அட்டைகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லுங்கள். டிரமடாலும் பாரசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை கடைகளில் நிறைய ஓடுகிறது. அதை இருபது முப்பது விழுங்கியவருக்கு நலாக்சோன் கொடுத்து மூச்சு சரியானதும் எல்லாரும் நிம்மதியாகிவிடுவோம். ஆனால் பாரசிட்டமால் சத்தமில்லாமல் கல்லீரலில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும், இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். அதற்கான மாற்று மருந்து அசிடைல் சிஸ்டீன், விழுங்கி 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அட்டையில் காலியான குழிகளை எண்ணிக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள், எத்தனை மணிக்கு விழுங்கினார் என்பதையும்.

உடம்பில் ஒட்டும் ஃபென்டானில் பட்டை (மார்ஃபின் வகை வலி மருந்து) இருக்கிறதா என்று முதுகு, தோள், மார்பு எல்லாம் திருப்பிப் பாருங்கள். ஒன்று 72 மணி நேரம் வேலை செய்யும். பழையதை எடுக்காமல் புதியதை ஒட்டியிருப்பார்கள். சூட்டு ஒத்தடம் கொடுத்தால் மருந்து வேகமாக உள்ளே போகும், நம் ஊரில் வலி என்றால் முதலில் செய்வதே ஒத்தடம்தான். பட்டையைப் பிய்த்த பிறகும் தோலுக்குள் தங்கிய மருந்து பல மணி நேரம் வந்துகொண்டிருக்கும்.

நலாக்சோனும் நால்ட்ரெக்ஸோனும் வேறு வேறு. பெயர் ஒத்திருப்பதால் ஸ்டோரில் குழம்புகிறார்கள். நால்ட்ரெக்ஸோன் போதை மறுவாழ்வுச் சிகிச்சைக்கு நாள்தோறும் கொடுக்கும் மாத்திரை, அவசரத்துக்கு உதவாது.

எமர்ஜென்சி டிரேயில் இரண்டு ஆம்பூல் நலாக்சோன் வைத்துவிட்டு "ஸ்டாக் உண்டு" என்று எழுதுவார்கள். டிரிப் தொடங்கினால் ஒரே நோயாளிக்கு ஓர் இரவில் பத்துக்கு மேல்கூட ஆகலாம். எங்கள் பக்கம் ஒரு மருத்துவமனையில் தேடிப்போனபோது இருந்த இரண்டும் காலாவதி. அன்றிலிருந்து நான் மாதத்தின் முதல் நாள் நானே போய் டிரேயைத் திறந்து பார்க்கிறேன். செவிலியர் பார்ப்பார் என்று நானும், ஸ்டோர் பார்க்கும் என்று செவிலியரும் இருந்ததால் வந்த வினை அது.

---

இரவுப்பணி_செவிலி

டிரிப் கணக்கையும் யாராவது தெளிவாகச் சொல்லுங்களேன். அன்று டாக்டர் சொன்னபடி போட்டேன், ஆனால் எனக்கே கணக்கு வர வேண்டும்.

---

மயக்கவியல்_ஓசூர்

எழுப்ப எவ்வளவு தேவைப்பட்டதோ அதில் மூன்றில் இரண்டு பங்கை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஓட்டுவது வழக்கம். உங்கள் பெரியவருக்கு ஆறு மில்லி, அதாவது 0.24 மில்லிகிராம் போனது. மூன்றில் இரண்டு பங்கு 0.16. ஐந்து ஆம்பூல், மொத்தம் 2 மில்லிகிராம், 500 மில்லி சலைனில் கலந்தால் ஒரு மில்லியில் 0.004. மணிக்கு 40 மில்லி ஓட வேண்டும். பம்ப் இல்லையென்றால் 60 சொட்டு ஒரு மில்லியாகும் மைக்ரோ டிரிப் செட்டில் நிமிடத்துக்கு 40 சொட்டு. கலந்து 24 மணி நேரம் ஆனால் மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

இது கணக்கு மட்டும். அளவை அந்த நேரத்து டாக்டர்தான் எழுத வேண்டும். டிரிப்பை நிறுத்திய பிறகு நோயாளியை விட்டுவிடாதீர்கள், மறுபடி இறங்குவது பெரும்பாலும் அப்போதுதான். சிறுநீரகம் கெட்டவருக்கு ஒரு நாள், ஒன்றரை நாள்கூட ஓட்ட வேண்டி வரும்.

---

நூற்றெட்டு_தேன்கனிக்கோட்டை

நான் ஆம்புலன்ஸில் அவசர மருத்துவ உதவியாளர் (இ.எம்.டி.). அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து ஒருவரை இறக்கி, பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுவதும் மூச்சை நான்தான் கொடுக்க வேண்டும். ஐந்து ஆறு விநாடிக்கு ஒரு அமுக்கு. வேகமாக அமுக்கினால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வரும். வளைவுகளில் ஒரு கையால் தாடையைத் தூக்கிப் பிடித்து மறு கையால் அமுக்குவது சுலபமில்லை, பைலட் அண்ணன் மெதுவாக ஓட்டினால்தான் முடியும். சில சமயம் ஓரமாக நிறுத்திவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து மூச்சு கொடுத்த பிறகு கிளம்பியிருக்கிறோம்.

நான் சொல்ல வந்தது வேறு. இளைஞர்கள் கேஸ். டேபென்டடால் என்ற வலி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்கள். கூட இருந்த பையன்கள் போன் செய்துவிட்டு, நாங்கள் போவதற்குள் ஓடிவிடுவார்கள். என்ன போட்டான், எப்போது போட்டான், யாருக்கும் தெரியாது. நான் அதட்டுவதில்லை. போனில் கூப்பிட்டவனிடமே திரும்பப் பேசுவேன். "தம்பி, உன் பேர் வேண்டாம். மாத்திரை பேரு மட்டும் சொல்லு. குடிச்சிருந்தானா? வேற மாத்திரை ஏதாவது?" என்பேன். பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் பாதிப் பேர் வீட்டில் கன்னடமும் தெலுங்கும்தான், அவர்கள் மொழியில் கேட்டால் இன்னும் சீக்கிரம் வரும்.

ஆனால் இதையெல்லாம் கேட்டு வந்து கேஷுவாலிட்டியில் சொன்னால் சில நேரம் யாரும் காதில் வாங்குவதில்லை. "சரி சரி, இறக்கு" என்பார்கள். ஸ்ட்ரெச்சர் மாறும் அந்த அரை நிமிடம் எங்கள் பேச்சைக் கேளுங்கள் சிஸ்டர். மயக்கத்தில் எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார், எந்தப் பக்கமாகக் கிடந்தார் என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

---

ஐசியூ_அண்ணன்

எந்தப் பக்கமாகக் கிடந்தார் என்று இந்தத் தம்பி சொன்னது தங்கம். எங்களிடம் ஒரு பையன் வந்தான், ராத்திரி முழுவதும் இடது கை உடம்புக்கடியில் மாட்டியபடி கிடந்திருக்கிறான். மூச்சு சரியாயிற்று. காலையில் சிறுநீர் பால் கலக்காத டீ நிறத்தில் வந்தது. தசை நசுங்கிச் சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருந்தது. கை கல் மாதிரி இறுகிவிட்டது, அறுவை சிகிச்சை டாக்டரை அவசரமாகக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவன் பிழைத்தான், கையும் பிழைத்தது. இப்போதெல்லாம் உடம்பைப் புரட்டி அழுத்தம் பட்ட இடங்களைப் பார்க்காமல் நான் கேஸை எடுத்துக்கொள்வதில்லை. சிறுநீர்ப் பை முட்டியிருக்கிறதா என்றும் தொட்டுப் பார்ப்பேன். இந்த மருந்துகளில் சிறுநீர் தங்கிவிடும், அதனால் நோயாளி புரண்டு புரண்டு படுப்பார், நாம் வேறு எதையோ நினைப்போம்.

அப்புறம், ஊசி போட்டுக்கொள்பவர்களின் சட்டைப்பையில் கை விடாதீர்கள். ஊசி இருக்கும்.

---

மனநல_சமூகப்பணி

இளைஞர்களின் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். பெற்றோர் நம்மிடம் பாதியை மறைப்பதற்குக் காரணம் போலீஸ் பயம். ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவதும் காவல் நிலையத்துக்குத் தகவல் போவதும் மருத்துவமனை செய்தே ஆக வேண்டியவை, அதை மறைத்துப் பேச வேண்டாம். ஆனால் கூடவே இதையும் சொல்லுங்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு கிடைக்க வழி உண்டு. சாவதற்காக விழுங்கியவர் என்றால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு அவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகத்தான் பார்க்கச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

தற்கொலை எண்ணம் இருந்ததா என்று நேராகவே கேளுங்கள். அப்பா அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் நான் கட்டாயம் சொல்வது ஒன்று உண்டு. சில வாரம் மருந்தில்லாமல் இருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் சாவு அதிகம். "முன்னே போட்ட அளவுதானே" என்று போட்டுக்கொள்வார்கள். இதைப் பையனிடமும் சொல்ல வேண்டும், அவன் அம்மாவிடமும் சொல்ல வேண்டும். நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கும், கல்லீரல் அழற்சிப் பரிசோதனைக்கும் அன்றே அழைத்துப்போங்கள், சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்தால் போகமாட்டார்கள். போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டு எண்ணையும் பையன் போனிலேயே சேமித்துக் கொடுத்துவிடுங்கள்.

---

சூளகிரி_மகன்

நான் மருத்துவத் துறை இல்லை. என் அம்மாவுக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய், மார்ஃபின் சாப்பிடுகிறார். இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி தூங்கவில்லை. அம்மாவும் மதியத்தில் குறட்டை விடுவார். இந்த மாத்திரையை நிறுத்திவிடட்டுமா? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

---

வலிநிவாரணச்_செவிலி

தம்பி, நிறுத்தாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் மார்ஃபின் பயப்பட வேண்டிய மருந்தல்ல. இந்த மருந்து கிராமத்து நோயாளிக்குக் கிடைக்காமல் எத்தனை வருடம் வலியில் கிடந்தார்கள் என்று எனக்குத் தெரியும். 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் கொஞ்சம் சுலபமானது. திடீரென்று நிறுத்தினால் வலியும் வரும், உடம்பு நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கும் வரும்.

அம்மா குறட்டை விடும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, தோளைத் தட்டிப் பாருங்கள். விழித்து, உங்களிடம் ஒழுங்காகப் பேசினால் அது தூக்கம். தட்டியும் விழிக்காவிட்டால், பேச்சு குழறினால், குறட்டை நடுவில் நின்று நின்று வந்தால், போனில் நேரம் பார்த்து ஒரு நிமிடம் மார்பை எண்ணுங்கள். எட்டுக்குக் கீழே என்றால் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். அடுத்த மாத்திரையைக் கொடுக்க வேண்டாம்.

அம்மா சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், சிறுநீர் குறைந்து இரண்டு நாள் இருந்தால் உடனே உங்கள் செவிலியரிடம் சொல்லுங்கள். கருப்பைவாய்ப் புற்றில் கட்டி சிறுநீர்க் குழாயை அழுத்தும், அதனால் உங்கள் அம்மாவுக்கு இது இன்னும் முக்கியம். அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று டாக்டர் முடிவு செய்வார். வலி ஊசி என்று வெளியே எதையும் போடாதீர்கள். தூக்க மாத்திரையும் கூடாது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி வந்து வலிநிவாரணப் பராமரிப்பு பார்ப்பதும் அதில் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா பெயர் பதிவாகியிருக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள்.

---

சூளகிரி_மகன்

அக்கா, இப்போதுதான் எழுப்பிப் பார்த்தேன். "என்னடா, ஏன் தூங்க விடமாட்டேங்கற" என்று திட்டினார். நாளை காலை சுகாதார நிலையத்துக்குப் போகிறேன். ரொம்ப நன்றி.

---

ஓய்வுபெற்ற_தலைமைச்செவிலி

இரவுப்பணி சிஸ்டருக்கு. உன்னை நீயே திட்டிக்கொண்டிருக்கிறாய் என்று உன் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. விடு கண்ணு. ஓர் இரவில் ஒருத்தி எத்தனை கட்டில் பார்க்க முடியும்? மூன்று விபத்துக் கேஸை விட்டுவிட்டு நீ அங்கேயே உட்கார்ந்திருக்கவும் முடியாது.

ஆனால் நலாக்சோன் போட்டவரை வார்டின் கடைசிக் கட்டிலுக்கு அனுப்பக் கூடாது. செவிலியர் மேசைக்கு நேர் எதிரே, கண்ணில் படும் இடத்தில் கட்டில். முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சும் விழிப்பும் எழுத வேண்டும். நேரம் எழுதிய அட்டை ஒன்றைக் கட்டிலில் மாட்டு. "9:45-க்குப் போட்டது, 10:15 முதல் குறையத் தொடங்கும்" என்று பெரிய எழுத்தில். அப்போது நீ இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் போகும் யாரும் நின்று பார்ப்பார்கள். டாக்டர், லேப் பையன், எக்ஸ்ரே எடுக்க வருபவர், எல்லாரும்.

மகனையும் சேர்த்துக்கொள். "அப்பா பேசினால் நல்லது, குறட்டை விட்டால் என்னைக் கூப்பிடு" என்று ஒரு வரி.

---

ஐசியூ_அண்ணன்

மேடம், மகனை நம்பி விடுவது சரியா? ஏதாவது ஆகிவிட்டால் "நான் கவனிக்காமல் விட்டேனே" என்று வாழ்நாள் முழுவதும் அவர் சுமப்பார்.

---

ஓய்வுபெற்ற_தலைமைச்செவிலி

அவரை நம்பி விடச் சொல்லவில்லை தம்பி. எண்ணுவதும் எழுதுவதும் நம் வேலை. அவர் எப்படியும் அப்பா முகத்தைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருக்கிறார். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டதால்தான் அன்று அவர் அதைத் தூக்கம் என்று நினைத்தார். இப்போது அவருக்கு எவ்வளவு வலிக்கும், யோசித்துப் பார்.

---

இரவுப்பணி_செவிலி

எல்லாருக்கும் நன்றி. பாதியைப் படிக்கும்போது கண் கலங்கிவிட்டது.

இங்கே சொன்னதையெல்லாம் வைத்து எங்கள் டியூட்டி டாக்டரும் ஸ்டோர் மருந்தாளுநரும் நானும் நேற்று மதியம் உட்கார்ந்தோம். மேசைக்கு எதிர்க் கட்டில் இனி இந்த நோயாளிகளுக்கு. டிரேயில் பதினைந்து ஆம்பூல். நேரம் எழுதிய அட்டை அச்சடிக்கக் கொடுத்திருக்கிறோம், தமிழில்தான். 108-லிருந்து இறக்கும்போது அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள ஏ.ஆர். மேசையில் தனி நோட்டு. கூட்டத்துக்குத் துப்புரவுப் பணியாளர் அக்காவையும் கூப்பிட்டோம். அவர் முதலில் வெளியே கதவோரம் நின்றார், டாக்டர் எழுந்து நாற்காலி போட்டார். குறட்டையில் என்ன வித்தியாசம் கேட்டது என்று அவர் வாயால் சொல்லச் சொன்னோம். "என் வீட்டுக்காரரும் குடிச்சுட்டு இப்படித்தான் கொறட்டை விட்டாரு, காலைல எழலை" என்றார். அதன்பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பெரியவர் எப்படி இருக்கிறார் என்றும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் நாள் கிரியாட்டினின் 1.4. மார்ஃபினைக் குறைந்த அளவில், இடைவெளி கூட்டி மறுபடி தொடங்கியிருக்கிறார்கள், வலி அடங்கியிருக்கிறது. மருமகள்தான் தலை நிமிரவே இல்லை, தான் கொடுத்த மாத்திரையால்தான் என்று. டாக்டர் அவரைத் தனியாக உட்கார வைத்து, வலி ஊசியும் நீர் வற்றியதும் சிறுநீரகத்தை என்ன செய்தன என்று படம் போட்டுக் காட்டினார். வலி கூடினால் எந்த மாத்திரை, எத்தனை, எந்த எண்ணுக்குப் போன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அவருக்குப் படிக்கத் தெரியாது என்று அப்புறம்தான் தெரிந்தது. ஏழாவது படிக்கும் பேத்தி வாங்கிச் சத்தமாகப் படித்துக்காட்டினாள். வீட்டுப் பராமரிப்புச் செவிலியர் வியாழக்கிழமை போகிறார்.

---

மருந்தாளுநர்_அரூர்

அந்த அட்டையின் படத்தை இங்கே போடுங்கள் சிஸ்டர். எங்கள் மருத்துவமனைக்கும் ஐம்பது அடித்துக்கொள்கிறேன்.